விளக்கு போட்ட வயல்

ஓசூரிலிருந்து இரவு பஸ்ஸில் ராயக்கோட்டை திரும்பும்போது, உத்தனப்பள்ளி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெளிச்சம் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் கல்யாண வீடு என்று நினைப்பார்கள். வரிசை பிடித்துக் கட்டிய பல்புகள். ஆனால் பந்தல் கிடையாது, பாட்டு கிடையாது, ஆளே கிடையாது. பல்புகளுக்குக் கீழே சாணுயரச் சாமந்திச் செடிகள் மட்டும் விழித்துக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் மஞ்சள் குண்டு பல்பு, இப்போது எல்இடி. அந்த நிலத்துக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். அவருடைய அம்மாவுக்கு நான் பல வருஷம் பிரஷர் பார்த்திருக்கிறேன். எதற்கு இந்த விளக்கு என்று ஒருநாள் கேட்டேன். "போடலேன்னா சீக்கிரமே மொக்கு வெச்சிரும் நர்ஸக்கா. செடி இத்துனூண்டு இருக்கும்போதே பூத்துட்டா அதுல என்னா பறிக்கறது? ராத்திரி லைட்டப் போட்டா இன்னும் பகலுன்னு நெனச்சுக்கிட்டு வளந்துக்கிட்டே இருக்கும். நமக்கு எப்ப பூ வேணுமோ அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நிறுத்திட்டாப் போதும்." ஆயுத பூஜைக்கு பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ விலை ஏறும்போது அவருடைய செடி பூத்திருக்க வேண்டும். மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் நாள் கணக்குப் போட்டு வைத்திருந்தார், நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று. இதில் தப்பு ஒன்றுமில்லை. பயிர் செய்கிறவன் செய்ய வேண்டியதுதான். ஆனாலும் அவர் சொன்ன "நெனச்சுக்கிட்டு" என்ற வார்த்தை அன்றிலிருந்து என்னை விடவில்லை.

சாமந்தி இரவை அளக்கிற செடி. இரவு நீண்டால்தான் மொக்கு வைக்கும். அமெரிக்காவில் கார்னர், ஆலார்ட் என்ற இருவர் 1920இல் புகையிலையையும் சோயாவையும் வளர்த்துப் பார்த்து, பகலின் நீளத்தைக் கணக்கில் கொண்டுதான் செடிகள் பூக்கின்றன என்று எழுதினார்கள். 1938இல் ஹாம்னர், பானர் என்ற வேறு இருவர் அதைத் திருத்தினார்கள்: இந்த வகைச் செடி அளப்பது பகலை அல்ல, இருட்டை. நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டிவிட்டால் போதும், செடியின் கணக்கில் அந்த இரவு செல்லாது. எங்கள் ஊரில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதுவும் ஒரே நாளில் வருவதல்ல, ஆறு மாதத்தில் நிமிடம் நிமிடமாக நகர்ந்து வருவது. மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்குவதைத் தினமும் பார்க்கிற எனக்கே அது உறைப்பதில்லை. வேர் பிடித்த இடத்திலேயே நின்று கொண்டிருக்கிற ஒரு செடிக்கு உறைக்கிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றை இருபது ரூபாய் ஒயரும் ஒரு பல்பும் கலைத்துவிடுகின்றன. நுட்பமாக இருப்பதால்தான் கலைக்க முடிகிறதோ என்னவோ.

அந்த விளக்கு வயலைத் தாண்டி எதிர்ப்பக்கமாக, அதே நேரத்தில், கம்பெனி பஸ்கள் போகும். ராயக்கோட்டையிலும் கெலமங்கலத்திலும் ஏறி சி ஷிப்டுக்கு, அதாவது இரவு வேலைக்கு, போகிற பிள்ளைகள் அதில் இருப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள், இருபத்திரண்டு வயது, அத்தை என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். போன மாதம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, "அத்தே, இதக் குடிக்கலாமா பாருங்க" என்று நீட்டினாள். ஏதோ மூலிகைப் பொடி. பாலில் இரண்டு ஸ்பூன் கலந்து குடித்தால் ஹார்மோன் பேலன்ஸ் ஆகும், செல்கள் புத்துயிர் பெறும் என்று மேலே அச்சிட்டிருந்தது. விலை அவளுடைய இரண்டு நாள் சம்பளம். எதற்கு என்று கேட்டேன். மூன்று மாதமாகத் தேதி தள்ளித் தள்ளிப் போகிறதாம். ஸ்கேன் பார்த்த இடத்தில், "டென்ஷன் ஆகாத, வெயிட்டக் குறை, டைமுக்குச் சாப்பிடு, டைமுக்குத் தூங்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "எந்த டைமுக்கு அத்தே?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் இரவு, ஒரு வாரம் மதியம் என்று சுற்றுகிற பெண்ணுக்கு அது நிஜமான சந்தேகம். முப்பது வருஷம் வார்டில் நின்ற எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேணாம், விட்டுடு" என்று மட்டும் சொன்னேன். அவள் போனபின், விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொள்ள என்று நான் சொல்லவில்லையே என்று தோன்றியது.

இந்த பேலன்ஸ் என்ற சொல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் உறுத்தும். உடம்பு தனக்குள்ளே ஒரு நிலையைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு வால்டர் கேனன் 1926இல் ஒரு பெயர் வைத்தார். நர்ஸிங் படிக்கும்போது அதை உடலியங்கியல் வகுப்பில் ஒப்பித்திருக்கிறோம். ரத்தத்தில் உப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு. கூடினால் ஒன்று இறக்கும், குறைந்தால் ஒன்று ஏற்றும். மனதில் பதிந்தது என்னவோ தராசுதான். இங்கே தக்காளி மண்டியில் முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் வார்டுக்குப் போன முதல் மாதத்திலேயே அந்தத் தராசு உடைந்துபோனது. கட்டிலின் கால்மாட்டில் தொங்குமே டிபிஆர் சார்ட், நாடி, மூச்சு, காய்ச்சல் மூன்றையும் நாலு மணிக்கொரு தரம் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற தாள், அதில் காய்ச்சலே இல்லாத ஆளுக்கும் கோடு நேராக வராது. சாயங்காலம் கொஞ்சம் ஏறும், விடிகாலை நாலு மணி வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலை வரிசை மாதிரி இருக்கும். கை வலிக்க வலிக்க நான் வரைந்தது உடம்புக்குள்ளிருக்கிற கடிகாரத்தின் படம் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒருவருடைய கோடு ராத்திரியும் பகலும் ஒரே மட்டத்தில் போனால்தான் எங்களுக்குப் பயம் வரும். ஆஸ்துமாக்காரர்கள் விடிகாலையில்தான் மூச்சுக்குத் திணறி எழுந்து உட்காருவார்கள். தானாக வலி கண்டு வருகிற பிரசவங்கள் பாதி ராத்திரிக்கு மேல் வரிசைகட்டி வரும். கார்டிசால் என்கிற சுரப்பு நாம் கண் விழிப்பதற்கு முன்பே ஏறத் தொடங்கி, விழித்த கொஞ்ச நேரத்தில் உச்சிக்குப் போய், நடுராத்திரிக்கு அடங்குகிறது. 1958இல் ஏரன் லெர்னர் மாட்டின் மூளைச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த மெலடோனின் இதற்கு நேர் எதிர், இருட்டில் மட்டும் கசியும். ஆக உடம்பு நிற்கிற இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம். எவ்வளவு என்று கேட்டால் எப்போது என்று திருப்பிக் கேட்கிற விஷயம் இது. டப்பாவில் எழுதியிருக்கிற பேலன்ஸுக்கு எப்போது கிடையாது. இரண்டு ஸ்பூன்தான் உண்டு.

நைட் டூட்டியை நானும் பார்த்தவள்தான். ஏழு நாள் சேர்ந்தாற்போல வரும். இரவு பதினொன்று வரை ஒன்றும் தெரியாது. வார்டு அடங்கியபின் ஒரு தெம்புகூட இருக்கும். மூன்று மணிக்குத்தான் அது வரும். தூக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. எலும்புக்குள்ளிருந்து ஒரு குளிர், டிசம்பர் மாதத்து ஓசூர்க் குளிர் அல்ல, மே மாதத்திலும் வரும். ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு ஊசி மருந்தின் பெயரை இரண்டு தடவை, மூன்று தடவை படிப்பேன். வயிறு கல் மாதிரி இருக்கும், ஆனாலும் எதையாவது தின்னத் தோன்றும். டீயும் பன்னும். ஈரல் அப்போது மூடிய கடை என்று பின்னால்தான் படித்தேன். மூளைக்கு அடியில், இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடுகிற இடத்துக்கு மேலே, ஏறக்குறைய இருபதாயிரம் நரம்புச் செல்கள் கொண்ட ஒரு புள்ளி பெரிய கடிகாரம். அதைத் தவிர ஈரலில், கணையத்தில், கொழுப்பில், அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் சின்னச் சின்னக் கடிகாரங்கள். அவற்றின் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று பழ ஈயில் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் கொடுத்தார்கள். பெரிய கடிகாரம் கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பிக்கொள்ளும், அதுவும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் என்றால் உடனே. ஈரல் சோற்றைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளும். இரவு வேலைக்காரர் உடம்பில் ஒரு கடிகாரம் பெங்களூரு நேரம், ஒன்று துபாய் நேரம், ஒன்று எங்கோ நடுக்கடல். முள் திரும்புவதும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். எட்டு மணி நேரம் புரட்டிப் போட்ட உடம்பு ஒரு வழியாக இரவுக்குப் பழகும்போது அந்த வாரம் முடிந்து மறு ஷிப்ட் வந்துவிடும். கைக்கடிகாரம் செய்கிற ஊர் என்று ஓசூருக்கு ஒரு பெயர் உண்டு. டைட்டன் வந்தபின் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பூதக்கண்ணாடிக்குக் கீழே சக்கரம் கோத்துப் பிழைத்தார்கள். அந்தத் தலைமுறையின் விரல் நுனிக்கு ஒரு பல்சக்கரம் அரை மயிரிழை விலகினால் தெரியும்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வரும். விளக்கு, சாமந்தி, அந்தப் பெண்ணின் தள்ளிப்போன தேதி என்று மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிடுவது சுலபம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விஞ்ஞானி இருந்தார். உயிர்க் கடிகாரங்களைப் பற்றி இந்தியாவில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். மனிதர்களை வெளிச்சமும் மணியும் பேச்சுத்துணையும் எட்டாத அறையில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார். அப்படித் தனிமையில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி அவரும் கூட்டாளிகளும் 1991இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: தூக்கம்-விழிப்புச் சுழற்சி ஒரு பக்கம் போக, மாதவிடாய்ச் சுழற்சி அதோடு கட்டுப்படாமல் தன் வழியில் போயிற்று. இதைப் படித்தபோது என் நூல் அறுந்தது. அப்படியானால் ஷிப்டுக்கும் தேதிக்கும் சம்பந்தமில்லையா? ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கிற பெண்களிடம் தேதி தவறுவது அதிகம் என்று வேறு நாட்டு நர்ஸுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றனவே? அறையில் அமைதியாக இருக்கிற உடம்பு வேறு. அரைத் தூக்கத்தில் லைனில் நின்று, டார்கெட்டுக்கு ஓடி, பகலில் தகரக் கூரைக்குக் கீழே புரள்கிற உடம்பு வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது சமாதானம்தான். ஒரே ஒரு பெண்ணை வைத்துச் செய்த ஆய்வு எல்லாப் பெண்களுக்கும் பதிலாகாது என்பதும் சரி, என் தெருவில் ஒரே ஒரு பெண் சொன்னதும் ஆகாது என்பதும் சரி. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் சுப்பராஜும் செய்த இன்னொரு வேலைதான் என் மனதில் அதிகம் நிற்கிறது. மதுரைப் பக்கத்துக் குகைகளில் வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். குகைக்குள் கும்மிருட்டு. ஆனாலும் கூட்டம் தினமும் சாயங்காலம் வெளியே பறந்து விடியற்காலை திரும்புகிற சத்தத்தில், கூண்டிலிருந்த வௌவாலும் நேரம் தவறாமல் இருந்தது. கூட்டமில்லாத குகையில் தனியாக வைத்த வௌவாலின் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போயிற்று. வெளிச்சம் மட்டுமல்ல, கூட இருக்கிறவர்களும் கடிகாரம்தான். அந்தப் பெண் காலை ஏழரைக்கு வந்து கதவைச் சாத்திப் படுக்கும்போதுதான் வெளியே தெரு எழுகிறது. குழாயடி, மிக்ஸி, தக்காளி ஏற்றுகிற டெம்போ, டிவி. எல்லாச் சத்தமும் அவளைப் பார்த்து எழுந்திரு, எழுந்திரு என்கிறது. கூட்டம் இருக்கிறது, ஆனால் அது பறக்கிற நேரம் வேறு.

பெண்களுக்கு இந்த இரவு சட்டப்படி கிடையாது என்று ஒரு காலம் இருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்று வைத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு விரோதம் என்று தள்ளிவிட்டு, பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வு என்று நிபந்தனைகள் விதித்துக் கதவைத் திறந்தது. வழக்குப் போட்டவர்களில் பெண் தொழிலாளியும் உண்டு. நான் இரவு வேலை வேண்டாம் என்ற கட்சி இல்லை. அந்த 66ஆம் பிரிவு இருந்த காலமெல்லாம் நாங்கள், ஆஸ்பத்திரிப் பெண்கள், ராத்திரி வேலைதான் செய்துகொண்டிருந்தோம். எங்கள் உடம்பைப் பற்றி ஒரு பிரிவும் கவலைப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மறுபடி 2019இலும், இரவு ஷிப்ட் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று இரண்டாம் தர எச்சரிக்கையில் வைத்தது. அந்த முடிவுக்குப் போன சான்றுகளில் நர்ஸுகளின் உடம்புகள் நிறைய. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் வீட்டுக்கு மேல்கூரை மாறியது, தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான், பதினெட்டில் நடந்திருக்க வேண்டிய கல்யாணம் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. இவளுடைய அம்மா நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, ராகி திரித்து, களி கிண்டி, காட்டுக்குப் போய், எல்லாரும் சாப்பிட்டபின் ராத்திரி பத்துக்கு உட்கார்ந்தவள். சூரியனோடு எழுந்து சூரியனோடு படுத்தவர்கள் என்று அந்த வாழ்க்கையைப் புகழ்கிறவர்கள் யாரும் அந்த நாலு மணியை எழுந்து பார்த்ததில்லை. அந்த அம்மாளுக்கு நாற்பது வயதில் ஹீமோகுளோபின் ஏழு. அவளுடைய உடம்பில் எந்தச் சமநிலை இருந்தது என்று நான் பழைய நாளுக்கு ஏங்க?

பழைய தமிழில் ஒரு நாளை ஆறாக வெட்டியிருந்தார்கள். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம், ஒரு மனநிலை. இப்போது மூன்று: ஏ, பி, சி. மூன்றுக்கும் ஒரே நிலம், ஒரே வெளிச்சம். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் குளிர் இத்தனை, காற்றில் ஈரம் இத்தனை என்று அளந்து வைத்திருப்பார்களாம். கொஞ்சம் மாறினாலும் பலகையில் சிவப்பு விளக்கு எரியுமாம். பாகத்துக்கு ஆகாது. ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸிலும் அப்படித்தான். பிப்ரவரி பதினாலுக்கு வெளிநாடு போக வேண்டிய பூவுக்கு எந்த வாரம் கவாத்து என்று கணக்கு உண்டு. எங்கள் வட்டாரத்தில் உள் சமநிலை என்ற விஷயம் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். பூவுக்குத் தெரியும், சிப்புக்குத் தெரியும். மனுஷ உடம்புக்கு வரும்போது மட்டும் அது அவரவர் சொந்தப் பொறுப்பாகி, டப்பாவில் அடைத்துக் கடைக்கு வந்துவிடுகிறது. இரவு வாரங்களைக் குறைத்துப் போடலாம். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு தாங்கும், பின்னோக்கிச் சுற்றினால் திணறும்; இது ஷிப்ட் பட்டியல் போடுகிறவர்கள் படிக்க வேண்டிய எந்தக் கையேட்டிலும் இருக்கிற விஷயம். செலவில்லாத காரியம். அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டேன். யோசித்து, "ஏ முடிஞ்சா சி, சி முடிஞ்சா பி" என்றாள். பின்னோக்கித்தான்.

போன வாரம் அவளிடம் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். ஷிப்ட், படுத்த நேரம், எழுந்த நேரம், சாப்பிட்டது, தேதி. ஐந்து கட்டம் போட்டு, நான் டிபிஆர் சார்ட் வரைந்த அதே பழக்கத்தில் கோடு இழுத்துக் கொடுத்தேன். இதை வைத்து என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டலாம், கம்பெனியில் மனு எழுத வேண்டி வந்தால் கையில் இருக்கும் என்று நானே சொன்னேன். அந்த டப்பாப் பொடியை அவள் குடிக்கிறாளா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. நேற்று நிலத்துக்காரர் சந்தையில் எதிர்ப்பட்டார். விளக்கை நிறுத்தியாகிவிட்டது என்றார், முப்பத்தாறு கோடு. ராத்திரி பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், வயல் இருந்த இடம் தெரியவில்லை. எதிரே கம்பெனி பஸ் போயிற்று. இந்த வாரம் அவளுக்கு சி ஷிப்ட்.